சின்ன படுக்கையறை முட்டுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

புதுச்சேரி, கடலூர் பக்கத்துத் தனி வீடானாலும் அடுக்குமாடியானாலும் படுக்கையறை என்றால் 10க்கு 10 அடி. மனை இடுக்காக இருந்தால் 10க்கு 8. இரண்டு பேர் புழங்க இந்த இடம் போதும். ஆனாலும் உள்ளே நுழைந்ததும் அடைசலாகத் தெரிகிறது என்றால், அறையின் அளவைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள்.

கதவை முழுசாகத் திறந்துவிட்டு, நிலைப்படியில் நின்று, கண் உயரத்தில் செல்போனைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். நேரில் பார்த்தால் பழகிய கண் எதையும் கண்டுகொள்ளாது, படத்தில் எல்லாம் தெரிந்துவிடும். அந்தப் படத்தில் மூன்று விஷயம் பாருங்கள். எதிர்ச்சுவரும் தரையும் சேரும் கோடு எவ்வளவு நீளம் தெரிகிறது? எதிரே உள்ள இரண்டு கீழ்மூலைகளில் ஒன்றாவது தெரிகிறதா? கண் முதலில் போய் முட்டுவது எந்தச் சாமானில்? அறையின் கடைசி எல்லை எது என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் மனசு அறையின் முழு நீளத்தையும் எடுத்துக்கொள்ளும். எல்லை மறைந்துவிட்டால், எதில் கண் நிற்கிறதோ அதோடு அறை முடிந்தது என்று கணக்காகிவிடும். கீழே வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கூடவே டேப் வைத்து உள்ளளவை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிளானில் போட்டிருக்கும் 10 அடியை நம்ப வேண்டாம். பூச்சு, டைல்ஸ் எல்லாம் போக 9 அடி 8 அங்குலம் நிற்பது சாதாரணம். கட்டில் கணக்கில் அந்த 4 அங்குலம் பெரிய விஷயம்.

கதவைத் திறந்ததும் எதுவோ மறிக்கிறது

பத்து வீட்டில் எட்டு வீட்டில் குற்றவாளி பீரோதான். வழக்கமான ஸ்டீல் பீரோ 36 அங்குல அகலம், ஏறக்குறைய 20 அங்குல ஆழம், ஆறரை அடி உயரம். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் வைத்துவிட்டால், அதன் பக்கவாட்டுத் தகடு 20 அங்குலம் நீட்டிக்கொண்டு பார்வையை வெட்டிவிடும். அதற்கு அப்பால் இருக்கும் அறை இல்லாத மாதிரி ஆகிவிடும்.

"பீரோ கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும், நகர்த்த முடியாது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். நகர்த்த வேண்டாம், திருப்பினால் போதும். தென்மேற்கு மூலைக்குள்ளேயே இரண்டு நிலை உண்டு: தெற்குச் சுவரில் சாய்த்து வடக்கு பார்க்க வைப்பது, மேற்குச் சுவரில் சாய்த்துக் கிழக்கு பார்க்க வைப்பது. அறைக்கதவு வடக்குச் சுவரில் இருந்தால் மேற்குச் சுவரோடு சேருங்கள். அப்போது எதிர்ச்சுவரில் 36 அங்குலத்துக்குப் பதில் 20 அங்குலம்தான் மறையும். கதவு கிழக்கில் இருந்தால் தெற்குச் சுவரோடு சேருங்கள், அதே கணக்கு. கதவு தெற்கிலோ மேற்கிலோ இருந்தால் கதவு இருக்கும் அதே சுவரில் பீரோவை வையுங்கள், நுழையும்போது கண்ணிலேயே படாது. பீரோவுக்கு முன்னால் 30 அங்குலம் காலி வேண்டும். அதன் ஒவ்வொரு கதவும் 18 அங்குலம் வெளியே வரும், மிச்சம் ஆள் நிற்க.

பீரோவுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள், 5 முதல் 6 அங்குல உயரம். அடியில் தரை தெரிவது ஒரு லாபம். உப்புக்காற்றும் மழைக்கால ஈரமும் உள்ள ஊரில் அடித்தகடு துருப்பிடிக்காமல் இருப்பது இன்னொன்று. துடைப்பம் உள்ளே போய் வருகிற உயரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அங்கேயே குப்பை சேரும். தரை மேடுபள்ளமாக இருந்தால் ஸ்டாண்டின் கால் திருகைச் சரிசெய்து மட்டம் பாருங்கள். ஆடுகிற பீரோ குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆபத்து.

கதவு முழுசாகத் திறக்காமல் பாதியில் நின்றாலும் அறை குறுகும். பின்னால் பாருங்கள், சட்டைகள் கொக்கியில் தொங்கும். நாலு அங்குலத் துணிக்கட்டு கதவை 90 பாகைக்கு முன்பே நிறுத்திவிடும்.

கட்டிலைச் சுற்றி நடக்க முடியவில்லை

முதலில் கட்டில் அளவு. கிங் சைஸ் 6 அடிக்கு ஆறரை அடி, அதாவது 39 சதுர அடி. நூறு சதுர அடி அறையில் ஐந்தில் இரண்டு பங்கு கட்டிலுக்கே போய்விடும். குயின் சைஸ் 5 அடிக்கு ஆறேகால், சுமார் 31 சதுர அடி. இந்த அறைக்கு அதுதான் உச்சவரம்பு. கல்யாணச் சீராக வந்த கிங் சைஸ் கட்டிலை 10க்கு 8 அறையில் போட்டுவிட்டு, மேற்கொண்டு எந்த யோசனையும் கேட்பதில் பயனில்லை.

அடுத்தது இடம். கட்டிலை நடுவில் போட்டு இரண்டு பக்கமும் வழி விடுவது ஹோட்டல் அறையின் பழக்கம். 120 அங்குல அகலத்தில் 60 அங்குலக் கட்டிலை நடுவில் போட்டால் பக்கத்துக்கு 30 அங்குலம் மிஞ்சும். இரண்டுமே வெறும் நடைவழி, வேறு எதற்கும் உதவாது. ஒரு சுவரோரமாகத் தள்ளி 3 அங்குலம் மட்டும் இடைவெளி விட்டால், மறுபக்கம் 57 அங்குலம் ஒரே துண்டாகக் கிடைக்கும். 20 அங்குல பீரோ போனாலும் 37 மிஞ்சும், கதவு திறக்கும், ஆள் நிற்கலாம், தரையில் பாய் விரித்து ஒரு குழந்தை படுக்கலாம். உள்பக்கம் படுப்பவர் தாண்டி இறங்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். முட்டிவலி உள்ளவர் இருந்தால் அவருக்கு வெளிப்பக்கம். அந்த 3 அங்குல இடைவெளியைக் குறைக்காதீர்கள், ஓதக் காலத்தில் மெத்தை சுவரைத் தொட்டால் பூசணம் பிடிக்கும்.

தலைமாடு வடக்கில் வரக்கூடாது என்பது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் சட்டம். தெற்கு, கிழக்கு இரண்டும் ஒத்துக்கொள்ளப்பட்டவை என்பதால் அட்டை வெட்டிப் பாருங்கள்: ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று தாளில் அறையை வரைந்து, கட்டிலுக்கும் பீரோவுக்கும் அட்டைத் துண்டு வெட்டி நகர்த்தினால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். இரும்புக் கட்டிலை நாலு முறை இழுத்து டைல்ஸைக் கீறுவதைவிட இது மேல்.

பெட்டிக் கட்டில், அதாவது அடியில் சாமான் வைக்கும் கட்டில், வாங்கலாமா? தரையோடு மூடிய பெட்டி, வாசலிலிருந்து பார்க்கையில் 31 சதுர அடிக்கு ஒரு மேடையாகத் தெரியும். கால் வைத்த கட்டிலில் அடித்தரை தெரியும், கால் 8 அங்குலமாவது இருக்கட்டும். வைக்க வேறு இடமே இல்லை, பெட்டிதான் வேண்டும் என்றால் பலகையைக் கேட்டு வாங்குங்கள். துகள் பலகை இந்த ஊர் ஈரத்தில் ஊதிவிடும். ஐ.எஸ். 303 தரத்தில் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) வகை பிளைவுட் குறைந்தபட்சம், தரைத்தளமாக இருந்தால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். அடிப்பலகையிலும் கால்மாட்டுப் பலகையிலும் ஒரு அங்குலத் துளைகள் போடச் சொல்லுங்கள். துளை இல்லாத பெட்டியில் கம்பளி வைத்தால் ஐப்பசி, கார்த்திகை தாண்டுவதற்குள் மக்கு வாடை வந்துவிடும்.

தலைக்கு மேல் அழுத்துகிற மாதிரி இருக்கிறது

அண்ணாந்து பாருங்கள், பரண் இருக்கும். 7 அடி உயரத்தில் 2 அடி ஆழத்துக்கு ஸ்லாப் போட்டு, அதன் மேல் அண்டா, பழைய சூட்கேஸ், கொலு பொம்மைப் பெட்டி. அடுத்தடுத்த இரண்டு சுவரில் பரண் என்றால் நூறு சதுர அடி அறையில் கிட்டத்தட்ட 36 சதுர அடிக்கு 7 அடிதான் உயரம். இடித்துவிடலாம் என்று கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள். பரண் பெரும்பாலும் லிண்டலோடும் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் சட்டம்) வெளிச் சன்ஷேடோடும் ஒன்றாகப் போட்ட கான்கிரீட். உள்பாரத்தை எடுத்தால் வெளியே நீட்டியிருக்கும் சன்ஷேடு என்ன ஆகும் என்று கட்டுமானப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

இடிக்காமலே செய்யக்கூடியது நிறைய. கதவுக்கு எதிரே இருக்கும் பரணை முதலில் காலி செய்யுங்கள், கதவுக்கு மேலே இருக்கும் பரண் எவ்வளவு நிறைந்திருந்தாலும் நுழைபவர் கண்ணில் படாது. ஸ்லாபின் முன்விளிம்பில் பழுப்பு எனாமல் பட்டை அடித்திருந்தால் அதைச் சுரண்டிவிட்டுச் சுவர் நிறத்தையே அடியுங்கள். அடிப்பரப்புக்கு வெள்ளை. சாமான் மறைய வேண்டுமானால் அலுமினிய சட்டத்தில் பி.வி.சி. ஷீட் கதவு, சுவருக்கு நெருங்கிய நிறத்தில். மர டிசைன் ஷீட் வேண்டாம், அது தலைக்கு மேல் ஒரு பெட்டியை மாட்டியது போலத் தெரியும்.

ஃபால்ஸ் சீலிங்? ஒன்பதரை அடி உயர அறையில் 6 முதல் 8 அங்குலத்தை அதற்குக் கொடுப்பது நஷ்டம். மேல்மாடி அறையாக இருந்தால் தளம் ஒழுகும்போது ஜிப்சம் பலகை தொங்கும், ஒழுகல் எங்கே என்றும் தெரியாது.

பழைய புதுச்சேரி வீடுகளில் தொல்லை நேரெதிர். மெட்ராஸ் டெரஸ் (மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய கூரை), தேக்குச் சட்டம், 12 அடிக்கு மேல் உயரம், ஆனால் 8 அடி அகலம். உள்ளே நின்றால் கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி. அங்கே மேலே வெள்ளை அடிப்பது தப்பு. தரையிலிருந்து 8 அடி வரை வெளிர் நிறம், அதற்கு மேல் அதே நிறத்தில் இரண்டு படி அடர்த்தி, சட்டங்களை மர நிறத்திலேயே விட்டுவிடுங்கள். மின்விசிறியை நீளக் கம்பியில் இறக்கி, இறக்கை தரையிலிருந்து 8 முதல் 9 அடியில் நிற்கும்படி வைத்தால் காற்றும் கிடைக்கும், உயரமும் அடங்கும்.

பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கிறது

முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை, திருப்பாதிரிப்புலியூர் மாதிரி நெருக்கமான தெருக்களில் ஜன்னலைத் திறந்தால் மூன்றடியில் பக்கத்து வீட்டுச் சுவர். அந்தச் சுவர் பூசாத செங்கல்லாகவோ பாசி படர்ந்தோ இருந்தால் வெளிச்சத்தை அதுவே தின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு, உங்கள் ஜன்னலுக்கு நேரே 8 அடிக்கு 8 அடி அளவு, உங்கள் செலவில், வெள்ளை வெதர்கோட் அடித்துக்கொடுங்கள். அறைக்குள் செய்கிற எந்தப் பெயின்ட் வேலையும் இந்த அளவுக்குப் பலன் தராது. அவருக்கும் சுவர் பாதுகாப்பு, பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கொசுவலை நிறத்தைப் பாருங்கள். வெள்ளை, பச்சை வலையில் வெயில் பட்டால் வலையே மின்னி, வெளியே இருப்பது மங்கிவிடும். கறுப்பு ஃபைபர் வலை கண்ணுக்குத் தெரியாமல் போய் வெளிப்பார்வை திறக்கும். கடலோரக் காற்றில் இரும்பு வலை வேண்டவே வேண்டாம். வலையை மாதம் ஒருமுறை கழுவுங்கள், உப்பும் தூசியும் சேர்ந்து பாதி ஓட்டையை அடைத்திருக்கும்.

கர்ட்டனை ஜன்னல் சட்டத்துக்கு உள்ளேயே மாட்டினால், ஒதுக்கிய துணியே ஜன்னலில் மூன்றில் ஒரு பங்கை மறைத்துவிடும். ராடை இரண்டு பக்கமும் 8 முதல் 10 அங்குலம் நீட்டி மாட்டுங்கள், துணி சுவர்மேல் போய் நிற்கட்டும். ஜன்னலுக்கு மேல் பரண் இல்லை என்றால் கூரைக்கு 6 அங்குலம் கீழே ராடு, துணி தரைக்கு அரை அங்குலம் மேலே. ரெடிமேட் துணி 5, 7, 9 அடியில்தான் கிடைக்கும் என்பதால் துணியை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு ராடு உயரத்தைக் குறியுங்கள். பரண் குறுக்கே இருந்தால் அதன் அடியில் ராடு. துணி அகலம் ஜன்னலைப் போல இரண்டு மடங்கு, மெல்லிய பருத்தி. திருகாணி துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். சாதா ஆணி ஒரு மழைக்காலத்தில் சுவரில் பழுப்புக் கோடு இறக்கிவிடும்.

மேற்கு ஜன்னல் வேறு கதை. வெக்கை தாங்காமல் அடைத்தே வைத்திருப்பார்கள். அதற்கு மறைப்பு வெளிப்பக்கம் வேண்டும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பத்தைக் கர்ட்டனால் திருப்பி அனுப்ப முடியாது. மூங்கில் தட்டி போதும். வெட்டிவேர் தட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, கடலூர் மாவட்டக் கடலோர மணல் ஊர்களில் வெட்டிவேர் விளைகிறது. கோடையில் பிற்பகல் கடற்காற்று எடுத்ததும் கிழக்கு, தென்கிழக்கு ஜன்னலைத் திறந்து, வெயில் தாழ்ந்ததும் மேற்குத் தட்டியைச் சுருட்டினால் புழுக்கம் போகும். அந்தக் கிழக்கு ஜன்னலை அலமாரி மறைத்துக்கொண்டிருந்தால், அறை சிறுசாகத் தோன்றுவதில் பாதி அந்தப் புழுக்கம்தான்.

லைட் போட்டும் மூலைகள் இருட்டாகவே இருக்கின்றன

20 வாட் எல்.இ.டி. பேட்டன் (டியூப் லைட் மாதிரி நீளமானது) ஒன்று சுமார் 2000 லூமன் தரும். நூறு சதுர அடிக்கு அளவில் அது குறைவில்லை. ஒரே இடத்திலிருந்து வருவதுதான் சிக்கல். பீரோ, பரண் இரண்டின் நிழலும் விழுந்து, தூரத்து மூலை கறுத்து, அறை அங்கேயே முடிந்துவிடுகிறது. அதே பேட்டனை வைத்துக்கொண்டு, வாசலுக்கு எதிர்ச்சுவரை நனைக்கிற மாதிரி இரண்டு 5 வாட் லைட் சேர்த்தால் போதும். ஒன்றை மூலைக்குத் திருப்பி வையுங்கள்.

எல்லா பல்பும் ஒரே நிறவெப்பமாக இருக்கட்டும், படுக்கையறைக்கு 4000 கெல்வின் நடுவாக இருக்கும். 6500இல் (நீலம் கலந்த வெள்ளை) ஒன்றும் 3000இல் (மஞ்சள்) ஒன்றும் கலந்தால் சுவர் திட்டுத்திட்டாகத் தெரியும். மின்விசிறி இறக்கைக்கு மேலே லைட் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் வெட்டி வெட்டித் தலைவலி வரும்.

வெள்ளை அடித்தும் பெரிதாகத் தெரியவில்லை

வெளிச்சம் குறைந்த அறையில் சுத்த வெள்ளை சாம்பலாகத்தான் தெரியும். அங்கே லேசான மஞ்சள் கலந்த வெள்ளை, கிரீம் எடுக்கும். மேற்கு வெயில் விழும் அறைக்கு வெளிர் பச்சை, வெளிர் சாம்பல். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் வெளிச்சுவர் மஞ்சள்மேல் ஆசைப்பட்டுச் சின்ன அறைக்குள் நாலு சுவரும் அடிப்பவர்கள் உண்டு. தெருவில் அது விரிந்த வானத்தின் கீழ் நிற்கிறது. உள்ளே ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுப் பட்டு அடர்த்தியாகி, அட்டையில் பார்த்ததைவிட ஒரு படி கூடிவிடும். எந்த நிறமானாலும் ஷேடு கார்டில் ஒரு படி குறைத்து எடுங்கள். 2 அடிக்கு 2 அடி மாதிரி இரண்டு சுவரில் அடித்து, காலை, பிற்பகல், இரவு மூன்று வேளையும் பாருங்கள்.

நிறத்தைவிடக் கோடுகள்தான் அறையை அதிகம் வெட்டுகின்றன. ஸ்கர்ட்டிங் கறுப்பு, கதவு பழுப்பு, ஜன்னல் சட்டம் நீலம், ஒரு சுவர் மட்டும் கருஞ்சிவப்பு என்றால் கண் நாலு இடத்தில் நின்று நின்று போகும். பிளஷ் டோரையும் (தட்டையான பிளைவுட் கதவு) சட்டத்தையும் சுவர் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். தேக்குக் கதவுக்கு மட்டும் விதிவிலக்கு, அதன்மேல் பெயின்ட் அடிப்பது பாவம். அதேபோல் பழைய வீட்டுச் சிவப்பு ரெட் ஆக்சைடு தரையையும் ஷீட் போட்டு மூடாதீர்கள், இணைப்புக் கோடே இல்லாத தரை அது.

பளபளப்பு அதிகமான பெயின்ட் சுவரின் மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். பட்டி பார்த்த சுவருக்குக் குறைந்த மினுமினுப்பு எமல்ஷன், பட்டி பார்க்காத சுவருக்கு மேட். 10க்கு 10க்கு 10 அறையில் 3க்கு 7 கதவும் 4க்கு 4 ஜன்னலும் கழித்தால் சுவர் 363 சதுர அடி, கூரை 100. டப்பாவில் லிட்டருக்கு எத்தனை சதுர அடி என்று போட்டிருப்பது ஒரு கோட்டுக்கா இரண்டு கோட்டுக்கா என்று பார்த்து வாங்குங்கள். குழப்பமே அங்கேதான்.

சுவரின் கீழ்ப்பகுதி கறுக்கிறது, உப்பு பூக்கிறது, பெயின்ட் உரிகிறது

இதைச் சரிசெய்யாமல் மேலே சொன்ன எந்தப் பெயின்ட் வேலையையும் தொடாதீர்கள்.

காரணம் கண்டுபிடிக்க ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை ஓதப் பகுதியில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்தினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் முத்தினால் அறைக் காற்றின் ஈரம், காற்றோட்டம் கொடுத்தால் சரியாகும். சுவருக்குள்ளிருந்து என்றால் அடுத்த பக்கம் பாத்ரூமா, ஏசி தண்ணீர்க் குழாய் இறங்குகிறதா, சன்ஷேடு சேரும் இடத்தில் விரிசலா, நிலத்திலிருந்து ஏறுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கழியுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது தண்ணீர் நின்ற வீடுகளில், நின்ற உயரத்துக்கு மேல் வரை பூச்சுக்குள் உப்பு ஏறியிருக்கும். காய்ந்த பிறகும் ஒவ்வொரு மழைக்கும் அது ஈரத்தை இழுக்கும்.

மூலகாரணத்தை அடைத்த பிறகு, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். பொருபொருத்த பூச்சை, ஓதக் கோட்டுக்கு ஒன்றரை அடி மேலே வரை செங்கல் தெரியக் கொத்தி, ஓதத்தடுப்புக் கலவை சேர்த்துப் பூசி, நீராற்றி, குறைந்தது ஒரு மாதம் உலரவிட்டுப் பிறகுதான் பிரைமர். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீட்டுக்கு சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்டும் எதிரி, ஈரம் வெளியேற வழியில்லாமல் ஏடு ஏடாக உரியும். அங்கே சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை. வேலையை மாசிக்கும் ஆனிக்கும் நடுவில் முடியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பட்டி காயாது. வால்பேப்பர் ஓதச் சுவரை மறைக்கத்தான் செய்யும், பின்னால் பூசணம் தன்பாட்டுக்கு வளரும்.

கண்ணாடி மாட்டினேன், கூட்டம் கூடின மாதிரி ஆகிவிட்டது

கண்ணாடி எதிரே இருப்பதை இரட்டிப்பாக்கும். எதிரே துணி ஸ்டாண்ட் இருந்தால் இரண்டு துணி ஸ்டாண்ட். ஓட்டை போடுவதற்கு முன் ஒருவர் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, வாசலில் நின்று பாருங்கள்: ஜன்னலோ வெறும் சுவரோ தெரிந்தால் அந்த இடம் சரி. ஓரங்களில் கறுப்புப் புள்ளி வருவது ஈரத்தாலும் தவறான பசையாலும். வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் பின்பூச்சை அரிக்கும், நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள். 5 மி.மீ. கண்ணாடி, சுவருக்கும் அதற்கும் நடுவில் காற்றுப் புகும் சின்ன இடைவெளி, ஓரத்தை உரசி மெருகேற்றியது. பாத்ரூம் சுவரில் மாட்ட வேண்டாம்.

வாடகை வீடு, ஆணி அடிக்க விடமாட்டார்கள்

டிஸ்டெம்பர் சுவரில் ஒட்டுக் கொக்கி நிற்காது. மேற்பரப்பு மாவாக இருப்பதால் பெயின்டோடு கையில் வந்துவிடும். பீரோவின் பக்கத் தகடு, டைல்ஸ், கதவின் எனாமல் பரப்பு இவற்றில் ஒட்டினால் நிற்கும். பீரோவுக்குக் காந்தக் கொக்கி இன்னும் எளிது. கர்ட்டனுக்கு ஜன்னல் சட்டத்துக்குள் சுருள்வில் ராடு. அதில் துணி ஒதுங்க இடமிருக்காது என்பதால் துணி அகலத்தை ஒன்றரை மடங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். லைட்டுக்கு வயர் இழுக்க முடியாது, பிளக்கில் சொருகும் ஸ்டாண்ட் லைட்டை எதிர் மூலையில் சுவர் பார்க்கத் திருப்பிவிடுங்கள். ஈரத்துணி காயவைக்கும் கொடி மட்டும் அறைக்குக் குறுக்கே கட்டாதீர்கள். மழைக்காலத்தில் வேறு வழியே இல்லை என்றால் கதவு இருக்கும் சுவரோரமாக, ஜன்னலிலிருந்து வரும் காற்று துணியில் படும்படி கட்டுங்கள்.